நாற்பது நாள் என்று அவர்களுக்குத் தெரியாது

எங்கள் சபையில் சண்டே ஸ்கூல் பாடம் எடுக்கத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது. பொன் கன்றுக்குட்டிக் கதை எப்படியும் வருடத்துக்கு ஒருமுறை வந்துவிடும். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்த இஸ்ரவேலர், மலை ஏறிப்போன தலைவர் மோசே வரத் தாமதமானதும் பொன்னால் ஒரு கன்றுக்குட்டி செய்து கும்பிட்ட கதை. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த கதை. மலைமேல் நெருப்பு, கீழே கூட்டம், கழற்றிக் கொடுத்த காதணிகள், ஆட்டம், உடைந்த கற்பலகைகள் என்று எல்லாமே அதில் இருக்கிறது. படம் வரையச் சொன்னால் மஞ்சள் கிரேயான்தான் முதலில் தீரும். நானும் வழக்கமாக ஒரே மாதிரிதான் முடிப்பேன். கடலைப் பிளந்து கூட்டிக்கொண்டு வந்த ஆண்டவருக்காக நாற்பது நாள்கூடக் காத்திருக்க முடியாத ஜனங்கள் என்று.

போன வருடத்துக்கு முந்தின வருடம், நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கை தூக்கினாள்.

"அக்கா, நாப்பது நாள் கழிச்சு வருவேன்னு மோசே சொல்லிட்டுப் போனாரா?"

ஆமாம் என்று வாய்வரை வந்துவிட்டது. ஏனோ சொல்லவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று அப்போதைக்கு விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து வேதாகமத்தைத் திறந்தேன். யாத்திராகமம் புத்தகம், 24ஆம் அதிகாரம். மலை ஏறும் முன் மூப்பர்களிடம் மோசே சொல்லிவிட்டுப் போனது இதுதான்: "நாங்கள் உங்களிடத்தில் திரும்பிவருமட்டும், நீங்கள் இங்கே எங்களுக்காகக் காத்திருங்கள்." வழக்கு ஏதாவது வந்தால் என் அண்ணன் ஆரோனிடமும் ஊர் என்பவரிடமும் போங்கள் என்று கூடவே ஒரு ஏற்பாடு. தேதி இல்லை, நாள் கணக்கும் இல்லை. நாற்பது பகலும் நாற்பது இரவும் என்பது நான்கு வசனம் தள்ளித்தான் வருகிறது. அதுவும் வாசிக்கிற நமக்குச் சொல்லப்படுகிறது. அடிவாரத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

இத்தனை வருடம் அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் அவர்களைத் திட்டியிருக்கிறேன்.

அதே அதிகாரத்தில் இன்னொரு வசனமும் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. மலையின் உச்சியில் கர்த்தருடைய மகிமை கீழே இருந்து பார்த்தவர்களுக்குப் பட்சிக்கிற அக்கினியைப்போலத் தெரிந்தது என்கிறது. மோசே அந்த நெருப்புக்குள்தான் நடந்து போனார். போனவர் திரும்பவில்லை. பத்தாவது நாள், இருபதாவது நாள், முப்பதாவது நாள். மேலே நெருப்பு அப்படியே இருக்கிறது, ஆள் மட்டும் இல்லை. "அந்த மோசேக்கு என்ன சம்பவித்ததோ அறியோம்" என்று அவர்கள் ஆரோனிடம் சொன்னபோது அதில் பொய் ஒன்றும் இல்லை. உண்மையிலேயே அவர்களுக்குத் தெரியாது.

அவர்களுக்கு மோசேயைத் தவிர வேறு வழியும் கிடையாது. பத்துக் கட்டளைகளை இடிமுழக்கத்தோடு கேட்ட அன்றே நடுங்கிப்போய், தேவன் எங்களோடு நேரே பேச வேண்டாம், பேசினால் செத்துப்போவோம், நீரே கேட்டுச் சொல்லும் என்று மோசேயிடம் கெஞ்சினவர்கள் அவர்கள். அதற்குப் பிறகு ஆண்டவர் சத்தம் என்றால் அது மோசேயின் சத்தம்தான். அது நின்றுபோனதும் மேலே இருந்து வருகிற எல்லாமே நின்றுபோன மாதிரி ஆகிவிட்டது. அப்போது எகிப்தைவிட்டு வெளியே வந்தே மூன்று, நான்கு மாதம்தான் இருக்கும்.

யூத மத ஆசான்களான ரபிகள் இந்தத் தாமதத்தை விரலால் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். "தாமதித்தார்" என்பதற்கு எபிரெயத்தில் இருக்கிற சொல் "போஷேஷ்". அதைப் பிரித்து "பாஊ ஷேஷ்", ஆறாம் மணி, அதாவது நடுப்பகல், வந்துவிட்டது என்று ரபிகளின் பழைய நூலான தல்மூத் வாசிக்கிறது. அவர்கள் மரபில் மோசே நாற்பது நாள் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இருந்த உரையாசிரியர் ராஷி விளக்குகிறார்: மோசே சொன்னது இரவும் பகலும் சேர்ந்த முழு நாற்பது நாள். அவர் காலையில் ஏறினார், அதனால் அந்த முதல் நாளுக்கு இரவு இல்லை, அது கணக்கில் சேராது. ஜனங்களோ அதையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள். ஆக, அவர்கள் தவறினது ஒரே ஒரு நாளில். மறுநாள், யூத நாட்காட்டியில் தம்மூஸ் மாதம் 17ஆம் தேதி, மோசே இறங்கி வருகிறார். அந்தத் தேதியில் யூதர்கள் இன்றைக்கும் உபவாசம் இருக்கிறார்கள்.

இது வேதவசனத்தில் இல்லாதது, மரபு சொல்வது. ஆனாலும் அந்த ஒரு நாள் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. இன்னும் ஒரு ராத்திரி தூங்கி எழுந்திருந்தால் போதும்.

சரி, அவர்கள் கேட்டது என்ன? "எங்களுக்கு முன்செல்லும் தெய்வங்களை எங்களுக்காக உண்டுபண்ணும்." முன்செல்லும் என்ற சொல்தான் முக்கியம். வனாந்தரத்தில் எந்தப் பக்கம் நடப்பது என்றே தெரியாத கூட்டம் அது. இதுவரைக்கும் மேகம் முன்னால் போயிற்று, மோசே முன்னால் போனார். இப்போது இரண்டும் மலைமேல் நிற்கின்றன. முன்னால் ஒன்றுமே இல்லை. அந்த வெறும் இடத்தை அவர்களால் தாங்க முடியவில்லை.

ஆரோன் கன்றுக்குட்டியை வார்த்து முடித்ததும் வேறொரு கடவுள் பெயரைச் சொல்லவில்லை. "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை" என்றுதான் அறிவித்தார். கர்த்தருக்கு! உங்களை எகிப்திலிருந்து கொண்டுவந்தது இதுதான் என்று ஜனங்களும் சொன்னார்கள். அவர்கள் ஆண்டவரை மாற்றிவிட்டதாக நினைக்கவே இல்லை. அவர் சீக்கிரம் வர ஒரு வழி செய்துவிட்டதாக நினைத்தார்கள்.

ஏன் காளை என்பதை அந்த மண்ணைத் தோண்டினவர்கள் நமக்குக் கொஞ்சம் காட்டியிருக்கிறார்கள். 1990இல் அஸ்கலோனில், பழைய பட்டணத்து வாசல் பக்கம், லாரன்ஸ் ஸ்டேகர் குழுவினர் ஒரு சின்னக் கன்றுக்குட்டியை எடுத்தார்கள். வெண்கலத்தில் செய்து வெள்ளித் தகடு போர்த்தியது. உயரம் பத்து சென்டிமீட்டர் சொச்சம், எடை ஏறக்குறைய 400 கிராம். உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். தேன்கூடு மாதிரி ஒரு மண்கோவிலுக்குள் அது பத்திரமாக இருந்தது. இஸ்ரவேலருக்கு முந்தின கானானியருடையது, கி.மு. 1600 வாக்கில் செய்தது. அடுத்தது, தோத்தானுக்குக் கிழக்கே மலை உச்சி ஒன்றில் ஒருவர் தற்செயலாகக் கண்டெடுத்த வெண்கலக் காளை. நீளம் 18 சென்டிமீட்டர். அந்த இடத்தை அமிஹாய் மஸார் தோண்டினார். கி.மு. 12ஆம் நூற்றாண்டு, இஸ்ரவேலர் அந்த மலைகளில் குடியேறிய காலம். அந்தக் காளைக்குத் திமில் இருக்கிறது. படத்தில் பார்த்தபோது நம் ஊர் மாட்டைப் பார்த்தமாதிரியே எனக்கு ஒரு நெருக்கம் வந்தது. பலம், மழை, விளைச்சல் எல்லாம் அந்தத் திமிலில் இருக்கிறது என்று ஒரு விவசாயி நினைத்ததில் என்ன ஆச்சரியம்?

சீரியா பக்கம் புயலின் தெய்வமான ஹதாதைக் காளையின் முதுகில் நிற்கிற மாதிரிச் செதுக்குவார்கள். அதனால் இஸ்ரவேலரின் கன்றுக்குட்டியும் கடவுளே கிடையாது, கண்ணுக்குத் தெரியாத கடவுள் வந்து நிற்பதற்கான பீடம்தான் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். எனக்கு இது பொருத்தமாகப் படுகிறது. முட்டாள்கள் உலோகத்தைக் கும்பிட்டார்கள் என்று சொல்லிவிட்டால் கதை நமக்குத் தூரமாகப் போய்விடும். வந்து நில்லும், இங்கே நில்லும், இப்போதே நில்லும் என்று ஆண்டவருக்கு இடம் குறித்துக் கொடுத்தார்கள் என்றால் அது எனக்குத் தெரிந்த ஜெபம்.

இதில் நெஞ்சைப் பிசைகிற விஷயம் என்னவென்றால், அதே நாற்பது நாளில் மலைமேல் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதுதான். 25ஆம் அதிகாரத்திலிருந்து 31 வரை வாசித்துப் பாருங்கள். ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்துக்கு அளவு சொல்லப்படுகிறது. உடன்படிக்கைப் பெட்டி இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம். திரைக்கு என்ன நூல், விளக்குத்தண்டுக்கு எத்தனை கிளை, ஆசாரியன் அங்கியின் ஓரத்தில் எங்கெங்கே மணி என்று ஒன்று விடாமல். அவர்கள் நடுவிலே நான் வாசம்பண்ண ஒரு பரிசுத்த ஸ்தலம் என்று ஆண்டவரே சொல்கிறார். அவர்கள் கூடவே இருக்கிற, கண்ணால் பார்க்கக்கூடிய, தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய ஒன்று. அவர்கள் கீழே எதற்காகத் தவித்தார்களோ அதற்குத்தான் மேலே திட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அதற்கும் தங்கம் வேண்டும், கேருபீன்கள் என்ற சிறகுள்ள உருவங்கள் உண்டு. ஆனால் இரண்டு கேருபீன்களுக்கும் நடுவில், பெட்டியின் மூடியான கிருபாசனத்தின்மேல், எந்த உருவமும் இல்லை. அந்த வெறும் இடத்திலிருந்துதான் பேசுவேன் என்கிறார்.

மற்றதெல்லாம் தெரிந்த கதை. ஆரோன் சொன்ன சாக்கை எல்லோரும் சிரித்துக்கொண்டே வாசிப்பார்கள். தங்கத்தை நெருப்பிலே போட்டேன், அதிலிருந்து இந்தக் கன்றுக்குட்டி வந்தது என்றாரே, அதை. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவர்தான் தனியாக அந்தக் கூட்டத்தைச் சமாளிக்க நின்றவர். கூட இருக்கச் சொன்ன ஊர் என்பவர் அதற்குமேல் கதையிலேயே வருவதில்லை. தடுக்கப் போய்க் கூட்டத்தின் கையால் செத்துப்போனார் என்கிறது யூத மரபு. அப்புறம் மோசேயின் பக்கம் நின்ற லேவி கோத்திரத்தார் பட்டயத்தை எடுத்ததும், அன்றைக்கு ஏறக்குறைய 3,000 பேர் விழுந்ததும் வருகிறது. அந்த வசனத்தைப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதில்லை. எனக்கே அதை எப்படி வாசிப்பது என்று இன்னும் வசப்படவில்லை.

அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு அப்புறம் நான் ஒரு சொல்லைத் தேடிப் போனேன். மனமடிவு. நம் பழைய மொழிபெயர்ப்பில் இது இந்த ஜனங்களைப் பற்றி இரண்டு முக்கியமான இடத்தில் வருகிறது. ஒன்று எண்ணாகமம் 21. ஏதோம் தேசத்தைச் சுற்றிக்கொண்டு போகும்போது "வழியினிமித்தம் ஜனங்கள் மனமடிவடைந்தார்கள்." முணுமுணுக்கிறார்கள், கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் வருகின்றன. இன்னொன்று வெகு முன்னால், எகிப்திலேயே. விடுதலை வரப்போகிறது என்று மோசே வந்து சொல்கிறார். "அவர்களோ மனமடிவினாலும் கொடுமையான வேலையினாலும் மோசேக்குச் செவிகொடாமற்போனார்கள்."

எபிரெயத்தில் இரண்டு இடத்திலும் இருப்பது குறுகிப்போதல் என்ற பொருளுள்ள ஒரே வேர்ச்சொல். எகிப்தில் குறுகினது அவர்களுடைய "ரூவாக்". ஆவி என்றும் சொல்லலாம், மூச்சு என்றும் சொல்லலாம். வனாந்தரத்தில் குறுகினது "நெஃபெஷ்". ஆத்துமா என்று மொழிபெயர்க்கிறோம், அதற்குத் தொண்டை, மூச்சு என்ற பொருளும் உண்டு. பொறுமை இல்லாமல் போவதை அந்த மொழி மூச்சு குறுகிப்போவதாகச் சொல்கிறது.

இது தெரிந்தபிறகு எனக்கு அந்த ஜனங்களின் முகமே மாறிப்போயிற்று. மூச்சு எங்கே குறுகினது? செங்கல் சூளையில். பார்வோனுடைய ஆளோட்டிகள் வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிட்டு, தாளடியை நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள், ஆனால் அன்றன்றைக்குச் செங்கல் கணக்கு ஒன்றுகூடக் குறையக்கூடாது என்கிறார்கள். குறைந்தால் அடி. அடிமைக்கு நாளைக்கு என்று ஒன்று கிடையாது. சாயங்காலக் கணக்குதான் உண்டு. அப்படித் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தவர்களைத்தான் "இங்கே காத்திருங்கள்" என்று சொல்லிவிட்டு மோசே மலை ஏறினார். வனாந்தரத்தில் வானத்திலிருந்து மன்னா என்ற உணவு விழுந்தபோது நாளைக்கு என்று எடுத்து வைத்துப் புழுப்பிடிக்க விட்டதும் அவர்களேதான். நாளைக்கும் விழும் என்று நம்புவதற்கு, நாளைக்கு நல்லது நடந்து பழகியிருக்க வேண்டும். அவர்களுக்கு அந்தப் பழக்கமே இல்லை. எகிப்தைவிட்டுக் கிளம்புமுன் அவர்களுக்குக் கிடைத்த முதல் கட்டளை, இந்த மாதம் உங்களுக்கு முதல் மாதமாயிருப்பதாக என்பது. ஒரு நாட்காட்டி. காலம் அவர்கள் கைக்கு வருவதே அப்போதுதான்.

அவர்கள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே போட்ட உடன்படிக்கையை நாற்பது நாளில் உடைத்தார்கள், அதில் மாற்றம் இல்லை. ஆனால் நான் சொல்லிக்கொடுத்த மாதிரி, நன்றி கெட்ட ஜனங்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிட என்னால் இனி முடியாது. அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது.

போன வருடம் ஆடி மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மருத்துவமனையில் இருபத்துமூன்று நாள். முதல் பதினொரு நாள் ஐசியுவில். வெளியே நீல நிற நாற்காலி வரிசை, ஒரு கண்ணாடிக் கதவு. காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் உள்ளே விடுவார்கள். டாக்டர் வெளியே வரும்போதெல்லாம் ஓடிப்போய் நிற்போம். "பாக்கலாம்மா, இன்னும் ரெண்டு நாள் போகட்டும்." ரெண்டு நாள் கழித்துக் கேட்டாலும் அதே பதில். அவர்களுக்கும் தெரியவில்லை என்பது இப்போது புரிகிறது. அப்போது யாராவது ஒரு தேதி சொன்னால் போதும், நல்லதோ கெட்டதோ ஒரு தேதி, என்று இருந்தது.

எங்கள் அத்தை வீட்டிலிருந்து ஒரு வாக்குத்தத்தப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் பல வீட்டில் இருக்கும். சோப்பு டப்பா அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் விரல் நீளத்துக்கு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். கண்ணை மூடி ஒன்றை உருவி எடுப்போம், அது அன்றைக்கு ஆண்டவர் தருகிற வார்த்தை. முதல் நாள் எனக்கு வந்தது "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்." அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அது உண்மையான ஆறுதல். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ வந்த வசனம் சுகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப உள்ளே செருகிவிட்டு இன்னொன்று எடுத்தேன். அதுவும் சரியாக இல்லை. மூன்றாவதாக வந்ததை வைத்துக்கொண்டேன். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. "குணமாக்குவேன்" என்று வரும்வரைக்கும் எடுப்பேன். எந்த அட்டையின் முனை மடங்கியிருக்கிறது என்று விரலுக்கே தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் தம்பி பெட்டியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டான். அத்தனை பேர் முன்னால் அவனைக் கத்தினேன். "அக்கா, அது அட்டைதானே" என்றான். எனக்குக் கைகால் நடுங்கியது. அன்றைக்கு அந்தப் பெட்டி இல்லாமல் எனக்கு ஜெபமே வரவில்லை. ஐசியு கதவு திறந்தபோது உள்ளே போகவும் பயமாக இருந்தது.

பிறகு ஒருநாள் வீட்டில் எசேக்கியா ராஜாவைப் பற்றி வாசிக்கும்போது அந்தக் காலை நினைவுக்கு வந்தது. சர்ப்பம் கடித்தவர்கள் பார்த்துப் பிழைக்கும்படி மோசே கம்பத்தில் தூக்கி வைத்தாரே வெண்கலச் சர்ப்பம், அது பல நூறு வருடம் பத்திரமாக இருந்திருக்கிறது. ஆண்டவரே செய்யச் சொன்னது அது. அதனால் பிழைத்தவர்கள் உண்டு. எசேக்கியா காலத்தில், கி.மு. 8ஆம் நூற்றாண்டின் கடைசிப் பக்கம், ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அதை உடைத்துப்போட்டு நிகுஸ்தான் என்று பேரிட்டார். வெறும் வெண்கலத் துண்டு என்கிற மாதிரி. கானானியரிடம் வாங்கின விக்கிரகம் இல்லை அது. ஒருகாலத்தில் நிஜமாகவே உதவின பொருள். அதனால்தான் உடைப்பதற்கு அவ்வளவு காலம் ஆகியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்படிப் பார்த்துக்கொண்டே போனால் பொறுமையின்மை அந்த வரலாறு நெடுக ஓடுவது தெரியும். இஸ்ரவேலின் முதல் ராஜா சவுல் கில்காலில் ஏழு நாள் காத்திருந்தார். தீர்க்கதரிசி சாமுவேல் குறித்த தவணை அது. எதிரே மிக்மாசில் பெலிஸ்தர் படை. அவருடைய ஆட்களோ குகையிலும் முட்காட்டிலும் ஒளிந்துகொண்டு ஒவ்வொருவராகக் கழன்று போகிறார்கள். ஏழாம் நாளும் சாமுவேலைக் காணோம். சவுல் தானே பலியைச் செலுத்திவிடுகிறார். வேறு தெய்வத்துக்கு ஒன்றும் இல்லை, கர்த்தருக்குத்தான். செலுத்தி முடிக்கிறார், சாமுவேல் வந்து நிற்கிறார். மிஞ்சினது 600 பேர். நான் எந்த விக்கிரகத்தைக் கும்பிட்டேன் என்று சவுல் கேட்டிருந்தால் பதில் சொல்வது கஷ்டம்.

யெரொபெயாம் வேறு ரகம். கி.மு. 930 வாக்கில் ராஜ்யம் இரண்டாக உடைந்ததும், வடக்கு ஜனங்கள் பண்டிகைக்கு எருசலேமுக்குப் போனால் மனசும் அங்கேயே போய்விடும் என்று கணக்குப் போட்டவர். பெத்தேலில் ஒன்று, தாணில் ஒன்று என இரண்டு பொன் கன்றுக்குட்டி வைத்தார். "நீங்கள் எருசலேமுக்குப் போகிறது உங்களுக்கு வருத்தம்" என்று அவர் சொன்ன காரணம்தான் கவனிக்க வேண்டியது. தூரம், அலைச்சல், எதற்குச் சிரமம், பக்கத்திலேயே இருக்கிறது. தாணில் அந்த மேடை இருந்த இடத்தை 1966இலிருந்து அவ்ராஹாம் பிரான் தோண்டினார். யோர்தானின் ஊற்று ஒன்று புறப்படுகிற, மரங்கள் அடர்ந்த இடம் அது. பலிபீடம் எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும் என்று காட்ட இப்போது அங்கே இரும்புச் சட்டம் நிறுத்தியிருக்கிறார்கள். ஜனங்களின் களைப்பைத் தெரிந்துகொண்டு அதன்மேல் கோவில் கட்டியவர் என்பதால் யெரொபெயாம்மேல் எனக்கு இரக்கம் வருவதில்லை. அடிவாரத்து ஜனங்கள்மேல் வருகிற இரக்கம் வேறு.

ஆண்டவருக்கே அந்த இரக்கம் இருந்தது என்பதுதான் நான் இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்ட பகுதி. கன்றுக்குட்டியோடு பாடத்தை முடித்துவிடுவேன். யாத்திராகமம் 34ஆம் அதிகாரம் வரைக்கும் போக நேரமே இருக்காது. மோசே மறுபடி மலை ஏறுகிறார். தன் பெயரையே புத்தகத்திலிருந்து கிறுக்கிப்போடும் என்று அவர்களுக்காக வாதாடின பிறகு ஏறுகிறார். அங்கேதான் கர்த்தர் தம்மைப் பற்றித் தாமே அறிவிக்கிறார்: இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் உள்ளவர். இந்த நீடிய சாந்தத்துக்கு எபிரெயத்தில் இருக்கிற தொடரை அப்படியே சொன்னால் "மூக்கு நீண்டவர்" என்று வரும். அந்த மொழியில் மூக்குக்கும் கோபத்துக்கும் ஒரே சொல். மூக்கு நீண்டவர் என்றால் கோபம் ஏற வெகுநேரம் ஆகிறவர், நீளமாக மூச்சு விடுகிறவர் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். மூச்சு குறுகின ஜனங்களுக்கு, அவர்கள் குறுகிப்போய்ச் செய்ததற்கு அடுத்ததாகவே, அவர் தம்மைப் பற்றிச் சொன்னது இது. இரண்டாவது தடவையும் மோசே நாற்பது நாள் மேலேயே இருந்தார். இந்த முறை கீழே யாரும் ஒன்றும் செய்யவில்லை. பிறகு கூடாரத்துக்குக் காணிக்கை கேட்டபோது, போதும், இனிமேல் கொண்டுவராதீர்கள் என்று நிறுத்துகிற அளவுக்குக் கொண்டுவந்து குவித்தார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். வலது கை இன்னும் முழுசாக எழும்பவில்லை. பேச்சுதான் ரொம்பப் பாதித்திருக்கிறது. உள்ளே எல்லாம் தெளிவாக இருக்கிறது, சொல் கிடைப்பதில்லை. முப்பது வருடம் சபையில் வேதபாடம் வாசித்தவர், தண்ணீர் என்று கேட்க அரை நிமிடம் தேடுவார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் எடுத்துக் கொடுத்துவிடுவோம். தண்ணியா? சோறா? டிவியா? பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற அம்மா இரண்டாவது வாரமே சொல்லிவிட்டார்கள். "நீங்க சொல்லாதீங்க. அவர் முகத்தைப் பாத்துக்கிட்டு சும்மா இருங்க. எவ்வளவு நேரமானாலும்." இவ்வளவு கஷ்டமான வேலையை நான் இதற்கு முன் செய்ததில்லை. அரை நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. பல தடவை அவர் தேடின சொல் நான் நினைத்ததாகவே இருக்காது. தண்ணீர் என்று நான் நினைத்துக்கொண்டிருப்பேன், அவர் ஜன்னலைச் சாத்தச் சொல்வார்.

இந்த வருடம் பாடத்தை வேறு மாதிரி எடுத்தேன். "திரும்பிவருமட்டும்" என்ற வசனத்தில் தொடங்கினேன். மோசேயின் பணிவிடைக்காரன் யோசுவாவைப் பற்றியும் சொன்னேன். மோசேயோடு கிளம்பிப்போன யோசுவா உச்சிக்குப் போகவில்லை. ஜனங்களோடும் இல்லை. மோசே இறங்கி வரும்போது வழியில் கூட இருக்கிறார், பாளயத்துச் சத்தத்தைக் கேட்டு யுத்தச் சத்தம் என்கிறார். அப்படியென்றால் அந்த நாற்பது நாளும் நடுமலையில் எங்கேயோ தனியாக இருந்திருக்க வேண்டும். மேலே நடப்பதும் தெரியாது, கீழே நடப்பதும் தெரியாது. அதே பிள்ளை, இப்போது ஆறாம் வகுப்பு, மறுபடியும் கை தூக்கினாள். "அப்போ யோசுவா நாப்பது நாளும் என்ன சாப்பிட்டார்?"

ரபிகளும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன பதிலை நான் படித்திருந்தேன். ஆனால் அன்றைக்குப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை, சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். கேள்வி புரிந்ததும் முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தார். "ம" என்றார். நின்றுவிட்டது. மறுபடி "ம" என்றார். இடது கை விரல்கள் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டே இருந்தன. சொல் எனக்கு நாக்கு நுனியில் இருந்தது. தம்பி என்னைப் பார்த்தான். நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் ஒரு வண்டி போய், அதன் சத்தமும் ஓய்ந்தது.

"மன்னா" என்றார் அப்பா. கொஞ்சம் இருந்து, "அவனுக்கும்... அங்கேயே."